நாலு புள்ளி ஒன்பது

திங்கட்கிழமை காலை பத்து பத்துக்கு அறிக்கை வந்தது. நாற்பத்தொரு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். சராசரி ஐந்து. அதாவது நாற்பத்தொரு பேரும் சிரித்த முகத்தைத்தான் அமுக்கியிருந்தார்கள்.

அவள் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பதினேழாவது வரியில் தம்பியின் பெயர் இருந்தது. எதிரே மஞ்சள் வட்டத்துக்குள் பல் தெரியச் சிரிக்கும் முகம். பக்கத்தில் நேரம், பத்து ஐந்து.

தம்பி செத்து அன்றைக்கு இருபதாம் நாள்.

அவன் போனபின் அவள் அந்தப் பட்டியலைத் திறந்தது அதுவே முதல் தடவை. இருபது நாளாக அவளால் அழ முடியவில்லை. அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தவன் மேல் கோபம். துக்கம் கேட்க வந்து தம்பியின் வயதைத் தப்பாகச் சொன்ன சித்தப்பா மேல் கோபம். ‘மனசைத் தேத்திக்கோ’ என்ற அத்தனை பேர் மேலும் கோபம். ஆனால் அவை எல்லாம் பிடிமானம் இல்லாத கோபங்கள். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அவளையே சுட்டுவிட்டு அணைந்து போயின. இப்போது கைக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. செத்துப்போனவன் பெயரில் எவனோ பல்லைக் காட்டியிருக்கிறான்.

எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் படுக்கை காலியாக இருக்கிறது என்று சொல்லும் மென்பொருளை எழுதி விற்கும் கம்பெனி அது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அக்காவும் தம்பியும் ஒரு மாடி அறையில், இரண்டு மேசைகளை முதுகோடு முதுகாகப் போட்டு ஆரம்பித்தார்கள். அவள் ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கினாள், தேதி குறித்தாள், வாக்குக் கொடுத்தாள். அவன் உட்கார்ந்து எழுதி அந்த வாக்கைக் காப்பாற்றினான். ஆட்கள் பெருகியபின் அவளை எல்லாரும் மேடம் என்றார்கள், அவனைச் சின்னவர் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘தெர்மாமீட்டர்’ என்று பெயர். தம்பிதான் ஒருநாள் வந்து சொன்னான். அவள் சிரித்தாள். அளவு சரியாகச் சொல்லும் கருவிதானே, நல்ல பெயர்தான் என்றாள். அவன் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

அந்தப் பெயர் வந்ததே இந்தத் திங்கட்கிழமைக் கேள்வியால்தான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரே மாதத்தில் மூன்று பேர் வேலையை விட்டார்கள். மூன்று பேரும் போகும்போது ஒரே விஷயத்தை வெவ்வேறு விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்: மேடத்திடம் எதையும் பேச முடியவில்லை. அது அவளுக்கு உறைத்தது. உண்மையாகவே உறைத்தது. ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, ஆட்களை நடத்துவது எப்படி என்று எழுதியிருந்ததையெல்லாம் படித்தாள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். உன்னிடம் வேலை செய்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேள்.

சரி, கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தாள். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லார் திரையிலும் ‘இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி வந்து நின்றது. கீழே ஐந்து முகங்கள். அழுகிற முகத்துக்கு ஒன்று, பல் தெரியச் சிரிக்கிற முகத்துக்கு ஐந்து. அதற்கும் கீழே, ஏதாவது எழுத நினைத்தால் எழுத ஒரு கட்டம். இரண்டோ ஒன்றோ அமுக்கியவருக்குக் கணினியே நேரம் ஒதுக்கிவிடும்: வியாழக்கிழமை பதினொன்றே கால், கண்ணாடி அறை, மேடத்துடன் பதினைந்து நிமிடம்.

கண்ணாடி அறை கூடத்தின் நட்டநடுவில் இருந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒரு மேசை, உயரமான நாற்காலி ஒன்று, சற்றுத் தாழ்ந்த நாற்காலி ஒன்று, மேசைமேல் பதினைந்து நிமிடத்துக்குத் திருகிவைக்கும் கடிகாரம். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை மொத்த அலுவலகமும் பார்க்கலாம். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள்: “சரி, இந்த ரெண்டை நாலாக்க என்ன பிளான்?”

டெஸ்டிங்கில் இருந்த ஒருத்தி ஒரு திங்கட்கிழமை ஒன்று அமுக்கினாள். வியாழக்கிழமை வந்து உட்கார்ந்து, கரு கலைந்து ஆறு நாள் ஆகிறது என்று சொன்னாள். மேடம் அவளுக்கு மூன்று யோசனைகள் சொன்னாள். மூன்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அவளும் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் நாலு அமுக்கினாள், அதற்கடுத்த வாரம் ஐந்து. கேட்டால் மனிதர்கள் மாறுகிறார்கள் என்பதற்கு உதாரணமாக, பெயரைச் சொல்லாமல், இந்தக் கதையை மேடம் ஒரு மேடையில் சொன்னாள். கூடவே கம்பெனியின் சராசரி படிப்படியாக ஐந்தை நோக்கி ஏறும் கோட்டையும் திரையில் காட்டினாள். முந்நூறு பேர் கைதட்டினார்கள்.

அந்தக் கோட்டில் இப்போது செத்தவனும் இருந்தான்.

அவள் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். நின்ற தோரணையைப் பார்த்தே பேச்சுச் சத்தம் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

“என் தம்பி பேர்ல யாரு அமுக்கினது?”

அவள் இரண்டு வரிசை உள்ளே நடந்தாள்.

“கேள்வி புரியலையா? காலையில பத்து அஞ்சுக்கு செத்துப்போன மனுஷன் பேர்ல சிரிப்பு போட்டது யாரு? வெளையாட்டா? வேற வெளையாட்டே கெடைக்கலையா உங்களுக்கு?”

டெஸ்டிங்காரி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒருவன் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். மூலையில் இருந்த அச்சு இயந்திரம் மட்டும் யாரோ கொடுத்த பக்கங்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

“இருபது நாளா என் மூஞ்சிக்கு நேரா வந்து கைய கட்டிக்கிட்டு நின்னீங்க. வருத்தம்னீங்க. இதான் உங்க வருத்தமா? மூணு மணி வரைக்கும் டைம் தரேன். ஆள் வரலைன்னா சர்வர் டீம்ல இருக்கற நாலு பேரும் வீட்டுக்குப் போகலாம். உங்க கை படாம இது நடந்திருக்காது.”

சர்வர் அறை வாசலில் ஒரு பெரியவர் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனி ஆரம்பித்த முதல் மாதமே வந்து சேர்ந்தவர். அதற்குமுன் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ‘மாட்டிக்கிட்டவன வெளிய எடுக்கறதுதான் ரெண்டு வேலையும்’ என்பார். தம்பி அவருக்கு வைத்த பெயர் பெரிசு. அதுவே நிலைத்துவிட்டது. அவர் மிச்சத் தேநீரை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“மூணு மணி எதுக்கு மேடம். நான்தான். மத்தவங்கள விடுங்க.”

கண்ணாடி அறைக்குள் அவர் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய கை பழக்கத்தில் கடிகாரத்தைத் திருகிவிட்டது. அவர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏன் செஞ்சீங்க?”

“தனியா அவருக்குன்னு செய்யல மேடம். ஒரு புரோகிராம் இருக்கு. திங்கக்கெழம பத்து அஞ்சுக்கு ஓடும். பட்டியல்ல பேர் இருக்கற எல்லாருக்கும் அஞ்சு போட்டுடும்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

“எத்தன நாளா?”

“ஒண்ணரை வருஷம் இருக்கும்.”

ஒன்றரை வருடம். அந்த மேடை, அந்தக் கோடு, அந்தக் கைதட்டல். நாற்பத்தொரு பேரும் சேர்ந்து அவள் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் அறிக்கையைப் பார்த்துத் திருப்தியோடு காபி குடித்ததை இவர்கள் எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“செத்தவங்களுக்குமா போடும்?”

“பட்டியல்லருந்து பேர எடுத்தாத்தான் நிக்கும். எடுக்கறதுக்கு உங்க ஒப்புதல் வேணும். கேட்டு அனுப்பியிருக்காங்களே.”

குத்திக்காட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. சர்வர் ஏன் நின்றது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். அது அவளை இன்னும் சுட்டது. ‘பின்வரும் ஊழியரின் பெயரை நீக்க ஒப்புதல் தரவும்’ என்ற கடிதத்தை ஆறு நாளாக அவள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“அந்தப் புரோகிராம எழுதினது யாரு?”

“ஓட்டறது நான்.”

“எழுதினது யாருன்னு கேட்டேன்.”

“ஓட்டறது நான்னு சொல்லிட்டேனே மேடம்.”

“ஒன்பது வருஷம். உங்கள ஒரு நாள் ஒரு வார்த்த கடிஞ்சு பேசியிருப்பேனா? அதுக்கு எனக்கு இதுதான் பதிலா? அஞ்சு மணிக்குள்ள சாவியெல்லாம் குடுத்துட்டுப் போயிடுங்க. நாளைக்கு வர வேண்டாம்.”

“சரி மேடம்.”

கடிகாரத்தில் இன்னும் ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த நாற்காலியிலிருந்து அவ்வளவு சீக்கிரம் எழுந்தவர் யாரும் இல்லை. கதவருகே போய்த் திரும்பினார்.

“நிறுத்தறதுக்கு முன்னாடி அதத் திறந்து ஒரு தடவ படிங்க. பெருசு இல்ல, முப்பது வரிதான்.”

அவள் படித்தாள். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆயிரம் பேர் எழுதியதைக் கலந்து வைத்தாலும் தம்பி எழுதியதை அவள் பொறுக்கி எடுத்துவிடுவாள். ஒவ்வொரு பகுதிக்கு மேலும் அவன் தமிழில் ஒரு குறிப்பு எழுதுவான். கணினி அதைப் படிக்காது. பின்னால் வரும் மனிதர்களுக்காக எழுதுவது. இதில் உச்சியில் இருந்த குறிப்பு: ‘அக்காவுக்கு. எல்லாரும் நலம்.’ நடுவில் இன்னொன்று: ‘ஏற்கெனவே தன் கையால் பதில் சொன்னவரைத் தொடாதே. அவருக்கு உண்மையிலேயே ஏதோ சொல்ல இருக்கிறது.’

“அடப்பாவி,” என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

உயிரோடு இருந்திருந்தால் அறைந்திருப்பாள். சின்ன வயதில் அவளுடைய கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல மறுபடி மூடிவைத்தானே, அன்றைக்கு அறைந்த மாதிரி. எல்லாரும் நலமாம். யாரிடம் கேட்டுக்கொண்டு எழுதினான்? அவளும் அவனும் ஒரே காரில் வந்தார்கள், ஒரே காரில் போனார்கள். ஒன்றரை வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வாயே திறக்காமல் வந்திருக்கிறான். எல்லாருடைய கஷ்டத்தையும் அவளிடமிருந்து மறைத்தவன்.

அந்த இடத்தில் அவளுக்கு வேறொரு நினைவு வந்து இடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் கேட்டிருந்தார்: “மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. சில பேருக்கு இதுக்கு வாரக்கணக்கா முன்னாடியே தலைவலி இருக்கும். இவர் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?” அவள் அடித்துச் சொன்னாள். இல்லவே இல்லை, இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது.

அம்மாவுக்கு போன் செய்தாள்.

“அம்மா, தம்பிக்குத் தலைவலி இருந்துச்சா?”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“இருந்துச்சு.”

“உனக்குத் தெரியுமா?”

“மூணு வாரமா இருந்துச்சு. வந்து என் மடியில தல வெச்சுப் படுப்பான். நெத்திய அமுக்கி விடுவேன். எந்திரிச்சுப் போயிடுவான்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா நீ கேள்வி கேப்பியாம். எப்பலருந்து, எத்தன தடவ, எந்தப் பக்கம்னு. அதுக்கெல்லாம் பதில் சொல்லத் தெம்பு இல்லம்மா, வேலை முடியட்டும், நானே சொல்லிக்கறேன்னான்.”

“கேள்வி கேட்டிருந்தா பொழச்சிருப்பான்மா.”

குழாய் மறுபடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“ஆமா. பொழச்சிருப்பான். அத நான் தெனம் எந்திரிச்ச உடனே நெனச்சுக்கறேன். நீ வேற சொல்லணுமா,” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

நாலரை மணிக்கு அவள் சர்வர் அறைக்குப் போனாள். உள்ளே இயந்திரங்களின் இரைச்சலும் குளிரும். பெரிசு ஒரு அட்டைப் பெட்டியில் தன் சாமான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஸ்வெட்டர், ஒரு ஜோடி செருப்பு, லிஃப்ட் காலத்து ஸ்க்ரூடிரைவர் ஒன்று. உதவிக்கு வந்த டெஸ்டிங்காரி மேடத்தைப் பார்த்ததும் நகர்ந்து சுவரோரம் நின்றாள். வெளியே மட்டும் போகவில்லை.

“அவனுக்குத் தலைவலின்னு உங்களுக்கும் தெரியுமா?”

பெரிசு ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே சொன்னார். “தெரியும். இங்க எல்லாருக்கும் தெரியும். ரூம்ல லைட்ட அணைச்சுட்டு உக்காந்திருந்தாரே, நீங்க பாக்கலையா?”

பார்த்திருந்தாள். இரண்டு வாரம் அவன் அறை இருட்டாக இருந்தது. கதவைத் திறந்து, ‘என்னடா, தவம் பண்றியா? புது வெர்ஷன் எப்ப தரே?’ என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றான். வியாழக்கிழமை கொடுத்தும்விட்டான்.

“எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நாப்பது பேர் இருக்கீங்க, ஒருத்தர் ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் இன்னிக்கு உயிரோட இருப்பான். அத்தன பேரும் வாயில பூட்டப் போட்டுக்கிட்டு அஞ்சு அமுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நீங்கள்லாம் மனுஷங்களா?”

பெரிசு ஸ்வெட்டரைக் கீழே வைத்தார். ஒன்பது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. இப்போதும் அது உயரவில்லை, கெட்டிப்பட்டது.

“நான் சொன்னேன் மேடம்.”

“யார்கிட்ட?”

“உங்ககிட்ட. அவர் போறதுக்கு முந்தின வாரம், திங்கக்கெழம காலையில பத்து மணிக்கு. புரோகிராம் ஓடறதுக்கு முன்னாடி நானே உக்காந்து ஒண்ணு அமுக்கினேன். கட்டத்துல எழுதினேன். ‘சின்னவருக்கு உடம்பு சரியில்லை. இரண்டு வாரமாகத் தலைவலி. நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்’ன்னு. ஒண்ணரை வருஷத்துல நான் உண்மையா அமுக்கினது அது ஒண்ணுதான்.”

நாலு புள்ளி ஒன்பது.

அந்த எண் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வாராவாரம் ஐந்து என்று வந்துகொண்டிருந்த சராசரி அந்த வாரம் நாலு புள்ளி ஒன்பது என்று இறங்கியது. அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கட்டத்தைத் திறக்கவில்லை. கட்டத்தில் யாரும் எழுதுவதை நிறுத்தி எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. மாலை காரில் தம்பியிடம் கேட்டாள், ‘எவன்டா அது, சராசரிய இறக்கினது?’ அவன் கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ‘கை தவறி அமுக்கியிருப்பாங்கக்கா’ என்றான்.

“எனக்கு நேரம் வந்துச்சு,” என்றார் பெரிசு. “வியாழக்கெழம பதினொண்ணே கால். குளிச்சுட்டு நல்ல சட்ட போட்டுக்கிட்டு வந்தேன். அன்னிக்கு ஏதோ ஆஸ்பத்திரிக்காரங்க வந்திருந்தாங்க. என் நேரத்த அடுத்த வியாழக்கெழமைக்கு மாத்தினீங்க. அந்த வியாழக்கெழம வரதுக்குள்ள, செவ்வாக்கெழம, அவரு படியில விழுந்துட்டாரு.”

“நேரா வந்து சொல்லியிருக்கலாமே.”

“வந்தேன். ‘நேரம் வாங்கியிருக்கீங்களா’ன்னு கேட்டீங்க. இன்னொரு தடவ வந்தேன், போன்ல இருந்தீங்க, கண்ணாடிக்கு உள்ளேருந்து கைய காட்டினீங்க. அப்புறம்னு.” அவர் மூச்சு வாங்கினார். “கதவ ஒடச்சிக்கிட்டு வந்து கத்தியிருக்கணும். கத்தல. அக்காகிட்ட சொல்லாதீங்கன்னு அவர் என் கையப் புடிச்சுக் கேட்டதால ரெண்டு வாரம் வாயமூடிக்கிட்டு இருந்தேன். அது என் தப்பு. அதுக்காக என்னைய வேலைய விட்டு எடுங்க, காலம்பூரா ஒத்துக்கறேன். அஞ்சு அமுக்கினதுக்கு எடுக்காதீங்க. அது அவரு இவங்களுக்காக செஞ்ச நல்ல காரியம்.”

“என்ன நல்ல காரியம் அது,” என்றாள் அவள். குரல் அவளுடையது போலவே இல்லை.

சுவரோரம் நின்ற டெஸ்டிங்காரி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“என்னைய அந்த கண்ணாடிக்குள்ள உக்கார வெச்சு மூணு யோசன சொன்னீங்களே மேடம். மூணாவது என்ன தெரியுமா? காலையில நடக்கப் போகச் சொன்னீங்க. எனக்கு அப்ப ரத்தம் நிக்கல. வெளிய வந்து சின்னவர் ரூம்ல போய் உக்காந்தேன். ஒரு மணி நேரம். அவர் ஒண்ணும் சொல்லல, திரும்பி உக்காந்து அவர் வேலைய பாத்தாரு. நான் அழுது முடிச்சதும் தண்ணி குடுத்தாரு. பத்து நாள்ல அந்த புரோகிராம் வந்துச்சு.”

மேடத்துக்கு அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும், அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஒரு சிக்கல் வந்தால் உடனே அதற்குத் தீர்வு சொல்வதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷை.

“சாவிய வெச்சுக்கங்க,” என்றாள் பெரிசிடம். “காலையில சொன்னத மறந்துடுங்க. வழக்கம்போல வாங்க.”

அவர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

“அவ்ளோ சுலுவா முடிக்காதீங்க மேடம்,” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுக்க அவர் வரவில்லை. அவருக்குக் கீழே இருந்த மூன்று பேரும் சர்வர் அறையைப் பார்த்துக்கொண்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. கூடத்தில் அவள் நடந்தால் பேச்சு அடங்கியது, கடந்தால் தொடர்ந்தது. பெரிசு இல்லாமல் கம்பெனி ஓடாது என்பதல்ல. மூன்று பேரும் கெட்டிக்காரர்கள், ஓட்டிவிடுவார்கள். ஆனால் தம்பி கடைசி வாரங்களில் எப்படி இருந்தான் என்று தெரிந்தவர் அவர். அவர் போனால் அந்த வாரங்களும் அவளிடமிருந்து போய்விடும். அதை யாரிடமும் சொல்லாமல் அவள் கோபமாகவே நடமாடினாள். தம்பியின் அறை விளக்கை ஒருநாள் போட்டாள், மறுநாள் அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்குத் தனியாக வந்து மூன்று காரியங்கள் செய்தாள். அந்த முப்பது வரி ஓடுவதை நிறுத்தினாள், ஆனால் அழிக்கவில்லை. தம்பியின் பெயரை நீக்க ஒப்புதல் தந்தாள். அந்தப் பொத்தானை அமுக்க அரை மணி நேரம் ஆயிற்று. பட்டியலில் நாற்பது பேர் ஆனார்கள். பிறகு, இரண்டு வருடமாக அதில் இல்லாத தன் பெயரைக் கடைசியில் சேர்த்தாள். மறுபடி நாற்பத்தொன்று.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கேள்வி அவள் திரையிலும் வந்து நின்றது. இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள்? தான் எழுதிய வாசகம்தான். பதில் சொல்ல வேண்டியவளாகப் படித்தபோது, ஆஸ்பத்திரிப் படிவம் மாதிரி இருந்தது. அவள் ஒன்று அமுக்கினாள். கட்டத்தில், ‘என் தம்பி செத்துவிட்டான். எனக்கு எதுவும் தெரியவில்லை’ என்று எழுதினாள்.

பத்து பத்துக்கு அறிக்கை வந்தது. பதில் சொன்னவர் ஒருவர். சராசரி ஒன்று.

நாற்பது பேரும் வெறுமனே விட்டிருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. பொய்யான ஐந்தைப் பார்த்தபோது வந்த எரிச்சல் மட்டும் இல்லை. அதே நிமிடம் கணினி தன் கடமையைச் செய்தது. வியாழக்கிழமை பதினொன்றே கால், கண்ணாடி அறை, மேடத்துடன் பதினைந்து நிமிடம். வியாழக்கிழமை காலை கண்ணாடிக் கதவில் இருந்த சின்னத் திரையில் ‘மேடம் – மேடம்’ என்று எழுத்து ஓடியது. அதைப் படித்துவிட்டு எவனோ களுக்கென்று சிரித்தான். பிறகு இருமி அதை மறைத்தான்.

அவள் போய்த் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. முட்டி உயர்ந்து நின்றது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாலு பக்கமும் முகங்கள், எந்த முகமும் அவளைப் பார்க்காதது போல. எதிரே அவளுடைய காலி நாற்காலி. பெரிசு விட்டுப்போன சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். எழுந்து போய்விடலாம், கணினிக்கு என்ன தெரியப்போகிறது. ஆனால் டெஸ்டிங்காரி போகவில்லையே. ரத்தம் நிற்காமல் இங்கே உட்கார்ந்திருந்தாளே.

பதினொன்று இருபத்திரண்டுக்குக் கதவு திறந்தது. பெரிசு, வீட்டில் போடும் சட்டையோடு. அவருக்குப் பின்னால் கூடத்தில் டெஸ்டிங்காரி, அவரைக் கூப்பிட்டது தான்தான் என்பது போல, தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“நேரம் வாங்கல,” என்றார்.

“உக்காருங்க.”

அவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், திருகாமல் மேசையில் படுக்க வைத்தார்.

“இந்த ஒண்ண நாலாக்க என்ன பிளான் மேடம்?”

அது கிண்டலும் இல்லை, அன்பும் இல்லை. கடன் திருப்பித் தருகிறவர் போலக் கேட்டார். அவளுக்குக் காது மடல் சுட்டது. இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்.

“பிளான் இல்ல.”

“ம்.”

“உங்க மேல எனக்கு இன்னும் கோபம்தான். நெனச்சா இப்பவும் கத்துவேன்.”

“எனக்கும் ஆறல மேடம். உங்க மேலயும் சரி, என் மேலயும் சரி. அவரு மேலயுந்தான். சொன்னா கேட்டாரா.”

“கேக்க மாட்டான்,” என்றாள் அவள். “சின்னதுலருந்தே.”

அவள் சாவிக்கொத்தை அவர் பக்கம் தள்ளவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

“அந்த மூணு வாரம் அவன் எப்படி இருந்தான்னு சொல்லுங்க. நான் குறுக்க எதுவும் கேக்கல.”

பெரிசு கூடத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். முதல் தடவை தலைவலி வந்த அன்று அவன் சர்வர் அறைக்கு வந்து, இங்கேதான் குளிர்ச்சியாக இருக்கிறது என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவருடைய ஸ்வெட்டரை வாங்கிச் சுருட்டித் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். லிஃப்டில் மாட்டியவர்களில் யார் ரொம்பப் பயந்தது, அந்தக் கதை சொல்லுங்க பெரிசு என்று கேட்டான். அவர் சொன்னார். பாதியில் நெற்றியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எந்தப் பக்கம் என்ற கேள்வி அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், வாந்தி இருந்ததா. இனி எதற்கும் உதவாத கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அப்புறம்,” என்றார் பெரிசு. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.